விடுதியில் இடமில்லாத மாணவி

ஓவியராகவோ சிற்பியாகவோ ஆக முதுகலைப் பட்டம் வேண்டும் என்று மனிதகுலம் ரொம்ப காலம் நினைத்ததில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுவரில் வண்ணம் தீட்டியவர்களிடம் யாரும் சான்றிதழ் கேட்டிருக்க மாட்டார்கள். ஃப்ளாரன்ஸிலும் அப்படித்தான். பட்டறையில் சேர்ந்து, வண்ணம் அரைத்து, ஆசிரியரின் கைக்குக் கீழே வளர்ந்து, ஒருநாள் தனியே கிளம்பிவிடுவார்கள். பிறகு பாரீஸிலும் லண்டனிலும் அகாடமிகள் வந்தன. பரிசு கொடுத்தன, பதக்கம் கொடுத்தன, முதுகலைப் பட்டம் கொடுக்கவில்லை. எம்.எஃப்.ஏ., அதாவது மாஸ்டர் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்கிற மூன்றெழுத்துக்கு வயது சுமார் நூறுதான்.

அந்த மூன்றெழுத்து இன்று எத்தனை பேர் தூக்கத்தைக் கெடுக்கிறது! பி.எஃப்.ஏ. முடித்தவர்கள் கூடும் இடத்தில் பேச்சு கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். எம்.எஃப்.ஏ. பண்ணலாமா? பண்ணினா எங்க பண்றது? பரோடாவா, சாந்திநிகேதனா, ஹைதராபாத்தா? சென்னையிலேயே இருந்துடலாமா? இல்ல கடன் வாங்கி வெளிநாடு போயிடலாமா? கல்லூரிப் பெயரைச் சொல்லி அறிவுரை தருவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் அதைச் செய்யப்போவதில்லை. இந்தப் பட்டம் பிறந்து தவழ்ந்த காலத்தில், 1938ல், இதே கேள்விக்கு ஒரு பதிலைத் தேர்ந்தெடுத்த பெண்ணைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அவர் பெயர் எலிசபெத் கேட்லெட். அமெரிக்காவில் பிறந்த கறுப்பினச் சிற்பி, அச்சோவியர். பின்னாளில் மெக்சிகோவின் குடிமகள். அவர் தேர்ந்தெடுத்த இடம் அயோவா பல்கலைக்கழகம்.

முதலில் அந்த இடத்தின் கதை. அயோவா, அமெரிக்காவின் நடுப்பகுதியில் சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் மாநிலம். நியூயார்க்கிலிருந்து பார்த்தால் கலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அங்கே கார்ல் சீஷோர் என்று ஒரு மனிதர் இருந்தார். ஸ்வீடனில் பிறந்தவர், உளவியலாளர். இசைத்திறனை அளப்பதற்குச் சோதனைகள் உருவாக்கியவர். ஒருவருக்கு சுருதி பேதம் எவ்வளவு நுட்பமாகக் கேட்கிறது, தாள வேறுபாடு எவ்வளவு தெரிகிறது என்பதை இசைத்தட்டு போட்டுச் சோதிக்கும் முறை அது; 1919ல் வெளியானது. இப்படி எல்லாவற்றையும் அளந்து பார்க்கும் ஆள்தான் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் படிப்புகளுக்குத் தலைவர். 1922ல் அவர் தலைமையில் அயோவா ஒரு முடிவெடுத்தது. மேற்படிப்புக்கு ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டும் அல்லவா? அந்த ஆய்வேட்டின் இடத்தில் இனி ஓர் ஓவியத்தை வைக்கலாம், ஒரு சிற்பத்தை வைக்கலாம், ஓர் இசைக்கோவையை, ஒரு கவிதைத் தொகுப்பை வைக்கலாம்.

கேட்பதற்குச் சின்ன நிர்வாக விஷயம் மாதிரி இருக்கிறது. ஆனால் அதுவரை பல்கலைக்கழகத்தில் கலை என்றால் கலை வரலாறு. இறந்துபோன ஓவியர்களைப் பற்றி எழுதலாம், பட்டம் கிடைக்கும். உயிரோடு இருக்கும் நீ ஓவியம் வரைந்தால் அது பட்டத்துக்குக் கணக்கில்லை. செய்வது ஓவியப் பள்ளியின் வேலை, படிப்பது பல்கலைக்கழகத்தின் வேலை என்று நடுவில் ஒரு சுவர் இருந்தது. அயோவா அதில் ஒரு கதவு வைத்தது. மற்ற சில பல்கலைக்கழகங்களும் அதே ஆண்டுகளில் இந்தப் பக்கம் யோசிக்கத் தொடங்கியிருந்தன என்றாலும், பின்னாளில் எம்.எஃப்.ஏ. எடுத்துக்கொண்ட வடிவத்தில் அயோவாவின் கை பெரியது. புகழ்பெற்ற அயோவா எழுத்தாளர் பட்டறை 1936ல் தொடங்கியதும் இதே கதவு வழியாகத்தான்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? கலை மேல் வந்த காதல் ஒரு காரணம். இன்னொரு காரணம் வேலை. அமெரிக்கா முழுக்கக் கல்லூரிகளில் கலைத் துறைகள் முளைத்துக்கொண்டிருந்தன. அங்கே பாடம் நடத்த ஆள் வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் பட்டம் இல்லாத ஆளை எந்தச் சம்பளப் பட்டியலில் வைப்பது என்று தெரியாது. ஆக எம்.எஃப்.ஏ. பிறந்தது பெருமளவு ஆசிரியர்களை உண்டாக்கத்தான். இதை மறைக்க வேண்டியதில்லை. தெரிந்துகொண்டு சேர்வது நல்லது. 'இந்தப் பட்டம் என்னைக் கலைஞனாக்குமா?' என்று அதனிடம் கேட்டால் அது திருதிருவென விழிக்கும். 'இது எனக்கு ஒரு வகுப்பறைக் கதவைத் திறக்குமா?' என்று கேட்டால் நேரடியாகப் பதில் சொல்லும்.

*

கேட்லெட் 1915ல் வாஷிங்டன் நகரத்தில் பிறந்தார். அவர் பிறக்கும் முன்பே அப்பா இறந்துவிட்டார். ஆசிரியராக இருந்தவர், மரத்தில் செதுக்குவார். அம்மாதான் வேலைக்குப் போய் வளர்த்தார். பாட்டி தாத்தாக்கள் அடிமைகளாக இருந்தவர்கள். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பெண்.

பள்ளி முடித்ததும் பிட்ஸ்பர்க்கில் இருந்த கார்னகி தொழில்நுட்பக் கழகத்துக்கு விண்ணப்பித்தார். அனுமதியும் கிடைத்தது. பிறகு அவர் கறுப்பினத்தவர் என்பது தெரிந்தது. அனுமதி போய்விட்டது. அவ்வளவுதான், வேறு காரணம் எதுவும் தேவைப்படவில்லை. (2008ல் அதே நிறுவனம், இப்போது கார்னகி மெலன் பல்கலைக்கழகம், அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 93.)

கார்னகி மூடியதால் ஊரிலேயே இருந்த ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஹார்வர்ட் இல்லை, ஹோவர்ட். கறுப்பின மக்களுக்காக 1867ல் தொடங்கப்பட்டது. இதை 'வேறு வழியில்லாமல் சேர்ந்த இடம்' என்று சொல்லிவிட்டுக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அங்கே வடிவமைப்பு சொல்லிக்கொடுத்தவர் லோயிஸ் மைலு ஜோன்ஸ். ஓவியம் கற்பித்தவர் ஜேம்ஸ் போர்ட்டர். பின்னாளில் 1943ல் அமெரிக்கக் கறுப்பினக் கலையின் வரலாற்றை எழுதிய முன்னோடி. ஆப்பிரிக்கச் சிற்பங்களையும் மெக்சிகோவின் சுவரோவியர்களையும் கேட்லெட் அறிந்துகொண்டது அந்த வளாகத்தில். பிட்ஸ்பர்க்கில் இதெல்லாம் கிடைத்திருக்குமா? எனக்குச் சந்தேகம். ஆனால் இதைச் சொல்லி அந்த மறுப்பை நியாயப்படுத்திவிடக் கூடாது. 'எல்லாம் நல்லதுக்குத்தான்' என்பது விரட்டப்பட்டவர் சொன்னால் ஒரு பொருள், விரட்டியவர் சொன்னால் வேறு பொருள்.

1935ல் சிறப்பு மதிப்பெண்ணோடு தேறினார். அது அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலம். வடக்கு கரோலினாவின் டர்ஹம் நகரில் பள்ளி ஆசிரியை வேலை கிடைத்தது. கறுப்பின ஆசிரியர்களுக்கு வெள்ளையர்களைவிடக் குறைந்த சம்பளம். சம ஊதியம் கேட்டு நடந்த இயக்கத்தில் கேட்லெட் சேர்ந்தார். அந்த இயக்கத்தில் அவர்களோடு நின்ற இளம் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல். 1967ல் அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாக ஆனவர். அந்த முயற்சி அப்போது பலிக்கவில்லை. இந்த இடத்தில்தான் முதுகலை என்கிற எண்ணம் வருகிறது. கலைத் தாகத்தோடு சேர்த்து, பள்ளிக்கூடச் சம்பளத்திலிருந்து வெளியேறும் வழியாகவும் அது இருந்தது என்று நான் வாசிக்கிறேன். நம்மில் பலர் மேற்படிப்புக்குக் கிளம்புவதும் இதே கலவையான காரணத்தோடுதானே.

ஏன் அயோவா? கிராண்ட் வுட் அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தார் என்பதால்.

கிராண்ட் வுட்டை உங்களுக்குத் தெரியும். பெயர் தெரியாவிட்டாலும் படம் தெரியும். கையில் வைக்கோல் குத்தும் முட்கவையுடன் ஒரு வழுக்கைத்தலை மனிதர், பக்கத்தில் கழுத்தை மூடிய உடையில் ஒரு பெண், பின்னால் கூர்வளைவு ஜன்னல் வைத்த வெள்ளை வீடு. 1930ல் வரைந்த 'அமெரிக்கன் கோதிக்'. இணையத்தில் ஆயிரம் கேலிப்படங்களாக மாறிக்கொண்டே இருப்பது அதுதான். வுட் தன் ஊரை, அயோவாவின் மேடுபள்ளங்களை, விவசாயிகளை வரைந்தவர். பாரீஸைப் பார்த்து வரைவதை விட்டுவிட்டு நம் மண்ணை வரைவோம் என்று கிளம்பிய வட்டாரவாத ஓவியர்களில் ஒருவர். 1934லிருந்து அயோவா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். வேடிக்கை என்னவென்றால், அவரிடம் கல்லூரிப் பட்டம் எதுவும் கிடையாது.

யோசித்துப் பாருங்கள். அடிமைகளின் பேத்தி, வாஷிங்டன் நகரத்துப் பெண், வெள்ளை விவசாயிகளை வரைகிற ஓர் ஆளைத் தேடி, கறுப்பின மக்கள் மிகக் குறைவாக வாழும் மாநிலத்துக்குப் போகிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இது தவறான தேர்வு. 'உன்னோட வேலைக்கும் அவரோட வேலைக்கும் என்ன சம்பந்தம்?' என்று யாரும் கேட்டிருக்கலாம். ஆனால் தன்னைப் போலவே வேலை செய்யும் ஆசிரியரைத் தேடிப் போகிறவர்களுக்குப் பல சமயம் கிடைப்பது அந்த ஆசிரியரின் பிரதி ஆவதற்கான வாய்ப்பு மட்டும்தான்.

*

அயோவா அவரை வகுப்பில் சேர்த்துக்கொண்டது. விடுதியில் சேர்த்துக்கொள்ளவில்லை. கறுப்பின மாணவர்களுக்கு அங்கே விடுதி அறை கிடையாது. அந்த நிலை மாற 1946 ஆனது. ஸ்டூடியோவில் எல்லோரோடும் சேர்ந்து களிமண் பிசையலாம், சாயங்காலம் ஊருக்குள் அறை தேடிப் போய்விட வேண்டும். சேர்க்கைக் கையேட்டில் பாடத்திட்டம் இருக்கும், கட்டணம் இருக்கும், யார் எங்கே தூங்கலாம் என்பது இருக்காது. இன்றும் இருக்காது. எந்தத் தெருவில் வாடகைக்கு வீடு தருவார்கள், வீட்டுக்காரர் என்ன சாதி என்று கேட்பாரா, மாட்டிறைச்சி சமைக்கலாமா என்பதையெல்லாம் போன வருஷம் போன அண்ணனிடமோ அக்காவிடமோதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வெளியே எடுத்த அறையில் கேட்லெட்டுடன் தங்கியவர் மார்கரெட் வாக்கர். கவிஞர். அவரும் அங்கே முதுகலை மாணவி. சீஷோர் வைத்த கதவு வழியாக அவர் ஆய்வேடாகக் கொடுத்தது ஒரு கவிதைத் தொகுப்பு. அதுவே 1942ல் 'என் மக்களுக்காக' என்ற தலைப்பில் நூலாகி, யேல் பல்கலைக்கழகம் இளம் கவிஞர்களுக்குத் தரும் பரிசைப் பெற்றது. விடுதி மறுக்கப்பட்ட இரண்டு பெண்கள் ஒரு வாடகை அறையில். ஒருத்தி கவிதையை ஆய்வேடாக எழுதிக்கொண்டிருக்கிறாள், இன்னொருத்தி கல்லை ஆய்வேடாகச் செதுக்கிக்கொண்டிருக்கிறாள். அமெரிக்க இலக்கியத்துக்கும் கலைக்கும் அந்த அறை கொடுத்ததைப் பல துறைகள் சேர்ந்தும் கொடுத்ததில்லை என்று சொன்னால் கொஞ்சம் மிகையாக இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். அரைநூற்றாண்டு கழித்து அந்தக் கவிதை நூலின் சிறப்புப் பதிப்புக்குக் கல்லச்சுப் படங்கள் செய்துகொடுத்தவர் கேட்லெட்.

வகுப்பில் கிராண்ட் வுட் அவருக்குச் சொன்ன முக்கியமான விஷயம் எல்லா வாழ்க்கைக் குறிப்புகளிலும் வரும்: உனக்கு எது நன்றாகத் தெரியுமோ அதைச் செய். கேட்லெட்டுக்கு நன்றாகத் தெரிந்தது கறுப்பினப் பெண்களின் வாழ்க்கை. அன்றிலிருந்து கடைசிவரை அவர் செய்தது அதைத்தான்.

அழகான கதை. ஆனால் இந்த அறிவுரையை இவ்வளவு சுலபமாகப் பாராட்ட எனக்குக் கொஞ்சம் தயக்கம். நம்மூரிலும் ஓவியக் கல்லூரிகளில் கிராமத்திலிருந்து வரும் பையனிடம் 'உன் மண்ணை வரை', தலித் மாணவியிடம் 'உன் வலியை வரை' என்று சொல்கிற வழக்கம் உண்டு. நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் நகரத்துப் பையனிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவன் நிறத்தை ஆராயலாம், வெளியை ஆராயலாம், ஒன்றுமே இல்லாததையும் ஆராயலாம். இவர்கள் மட்டும் பிறந்த இடத்தைத் தோளில் சுமந்தபடி வரைய வேண்டும். ஓர் அறிவுரை எப்போது கதவாக இருக்கிறது, எப்போது கூண்டாகிறது?

வுட்டின் விஷயத்தில் அது கதவானதற்கு இரண்டு காரணங்கள் எனக்குப் படுகின்றன. ஒன்று, அவர் தனக்கும் அதே விதியைத்தான் வைத்துக்கொண்டார். தன் தங்கையையும் தன் பல் மருத்துவரையும் நிற்க வைத்துத்தான் அந்தப் புகழ்பெற்ற படத்தை வரைந்தார். இரண்டாவது காரணம்தான் முக்கியம். கருப்பொருளைச் சொல்லிவிட்டு அவர் விலகிப்போகவில்லை, ஊடகத்தை மாற்றி மாற்றிச் செய்துபார்க்கவும் தூண்டினார். ஓவியம் படிக்க வந்த கேட்லெட் மரம், கல், லினோலியம் என்று கைவைத்துப் பார்த்தது அந்த இரண்டு ஆண்டுகளில். கல்லின் வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் ஹாரி ஸ்டின்சன் என்ற சிற்ப ஆசிரியர். கிராண்ட் வுட் பெயர் பெற்ற அளவுக்கு இவர் பெயர் பெறவில்லை. பெரிய பெயரைத் தேடிப் போய், பக்கத்து அறையில் இருக்கும் பெயர் தெரியாத ஆசிரியரிடம் வாழ்நாள் முழுக்கப் பயன்படும் கைவேலையைக் கற்றுக்கொள்வது படித்தவர்களுக்குப் பழக்கமான அனுபவம்தான். ஓவியம் படிக்கப் போனவர் சிற்பியாக வெளியே வந்தார்.

1940ல் அயோவா தன் முதல் எம்.எஃப்.ஏ. பட்டங்களைக் கொடுத்தபோது பெற்றவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் கேட்லெட். அவருடைய ஆய்வேடு, சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய 'நீக்ரோ தாயும் சேயும்'. (அந்தச் சொல் அன்று கறுப்பினத்தவரே தங்களுக்குப் பயன்படுத்தியது.) அதோடு ஒரு சிறு எழுத்து விளக்கமும் கொடுக்க வேண்டியிருந்தது. அதில் அவர் தன் பிரச்சினையை ஒரு கொத்தனார் மாதிரி தெளிவாக எழுதுகிறார். இரண்டு உருவங்கள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. தாய்மை தெரியும்படி இரண்டும் ஒன்றோடொன்று பின்ன வேண்டும். அதே சமயம் கல்லுக்கு ஏற்ற இறுக்கம் வேண்டும், நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்கள் கூடாது. தான் கறுப்பினத்தவளும் பெண்ணும் என்பதால் இந்தப் பொருள் தனக்கு முக்கியம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். அவ்வளவே. இன்று நாம் எழுதும் கலைஞர் கூற்றுகளில் 'வெளி', 'உடல்', 'நினைவு', 'ஊடாட்டம்' என்று புகைமூட்டம் போடுகிறோமே, அதோடு வைத்துப் பார்த்தால் நிம்மதியாக இருக்கிறது.

அதே ஆண்டு சிகாகோவில் நடந்த அமெரிக்க நீக்ரோ கண்காட்சியில் அந்தச் சிற்பத்துக்கு முதல் பரிசு.

கேட்லெட் பார்த்த அயோவா அதற்குப் பிறகு அதிக நாள் நீடிக்கவில்லை. 1936ல் துறைத் தலைவராக வந்த லெஸ்டர் லாங்மேனுக்கு நவீன ஐரோப்பிய ஓவியத்தின் மேல் நம்பிக்கை. வுட்டின் வட்டாரவாதம் அவருக்குப் பழசாகத் தெரிந்தது. இருவருக்கும் இடையிலான பகை முற்றியது. வுட்டிடம் பட்டம் இல்லாததும், அவர் புகைப்படத்தை வைத்து வரைகிறார் என்பதும்கூடப் புகாராக மாறின. வுட் 1942 பிப்ரவரியில் புற்றுநோயால் இறந்தார். கேட்லெட் மூன்று ஆண்டுகள் தாமதமாக விண்ணப்பித்திருந்தால் இந்தக் கதையே வேறு. இன்னொரு முரண்: 1941ல் அயோவாவுக்கு ஆசிரியராக வந்த நவீன ஓவியர் ஃபிலிப் கஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்தே வெளியேற்றப்பட்டவர். பட்டம் கொடுக்கிறவர்களுக்குப் பட்டம் இல்லாத தலைமுறை அது. அந்தத் தலைமுறை முடிந்ததும் கதவு சாத்தப்பட்டது. போருக்குப் பின் படையிலிருந்து திரும்பியவர்களுக்கு அரசே படிப்புச் செலவு கொடுத்ததால் கலைத் துறைகள் நிரம்பி வழிந்தன. 1960ல் அமெரிக்காவின் கல்லூரிக் கலைச் சங்கம், ஸ்டூடியோ கலைக்கு எம்.எஃப்.ஏ.தான் இறுதிப் பட்டம், அதற்கு மேல் முனைவர் பட்டம் தேவையில்லை என்று ஏற்றுக்கொண்டது. கிராண்ட் வுட் மாதிரி ஓர் ஆளுக்கு அதன்பின் அந்தக் கதவைத் தட்டுவதே கஷ்டம்.

(நம் பக்கத்தில் இதற்கு வேறு கால அட்டவணை. 1850ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய மெட்ராஸ் ஓவியப் பள்ளி நூறு ஆண்டுகளுக்கும் மேலாக டிப்ளமாதான் கொடுத்துக்கொண்டிருந்தது. சாந்திநிகேதனின் கலாபவனம் 1919ல் தொடங்கியபோது பட்டம் அதன் நோக்கத்திலேயே இல்லை. 1950ல் பரோடாவில் நுண்கலைப் புலம் வந்தபோதுதான் கலைப் படிப்பு பல்கலைக்கழகப் பட்டமாக இங்கே வேரூன்றியது. மெட்ராஸ் மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று, பிறகு சாந்திநிகேதனுக்குப் போன கே.ஜி. சுப்ரமணியன்தான் பரோடாவின் பெரிய ஆசிரியர்களில் ஒருவரானார். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

*

பட்டம் கேட்லெட்டுக்கு என்ன செய்தது? சொன்ன வாக்கைக் காப்பாற்றியது. 25 வயதில் நியூ ஆர்லியன்ஸின் டில்லர்ட் பல்கலைக்கழகத்தில் கலைத் துறைத் தலைவரானார். அங்கே நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. நகரத்தின் டெல்காடோ அருங்காட்சியகத்துக்கு பிக்காசோவின் ஓவியங்கள் வந்திருந்தன. அந்த அருங்காட்சியகம் ஒரு பூங்காவுக்குள் இருந்தது. பூங்காவுக்குள் கறுப்பினத்தவர் நுழையக் கூடாது. அருங்காட்சியகத்தில் தடை இல்லை, ஆனால் அங்கே போகும் வழியில் தடை. கேட்லெட் ஏற்பாடு செய்தார்: விடுமுறை நாளான திங்கள்கிழமை, பேருந்தில் மாணவர்களை நேராக வாசற்படிவரை கொண்டுபோய் இறக்குவது. பூங்காவின் தரையில் யார் காலும் படவில்லை. அந்த மாணவர்களில் பலர் அதற்கு முன் எந்த அருங்காட்சியகத்துக்குள்ளும் போனதில்லை.

டில்லர்டில் அவரிடம் படித்தவர்களில் ஒருவர் சமெல்லா லூயிஸ். ஆசிரியரைப் பின்தொடர்ந்தே பிறகு ஹாம்ப்டனுக்குப் போய்ப் படித்து, 1951ல் ஓஹையோவில் முனைவர் பட்டம் வாங்கி, கறுப்பினக் கலையின் வரலாற்றாசிரியர் ஆனவர். கேட்லெட்டைப் பற்றி விரிவாக எழுதியவர்களில் முக்கியமானவரும் அவரே.

எம்.எஃப்.ஏ. வாங்கிய பிறகு கேட்லெட் படிப்பை நிறுத்தவில்லை என்பதைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். 'இறுதிப் பட்டம்' கையில் இருக்கிறது. 1941 கோடையில் சிகாகோவில் போய்ச் சுடுமண் வேலை கற்கிறார். சிகாகோவின் தெற்குப் பகுதி சமூகக் கலை மையத்தில் கல்லச்சு கற்கிறார். நியூயார்க் போய், போரிலிருந்து தப்பி வந்திருந்த சிற்பி ஒசிப் ஜாட்கினிடம் தனியே பாடம் கேட்கிறார். மெக்சிகோவில் ஃபிரான்சிஸ்கோ சூனிகாவிடம் சுடுமண் சிற்பத்தைத் திரும்பவும் முதலிலிருந்து கற்கிறார். கைக்குத் தேவையானதை எங்கே கிடைத்தாலும் போய் வாங்கிக்கொள்கிறார். அயோவாவில் அவருக்குக் கிடைக்காததற்கு ஒரு பட்டியல் இருந்திருக்கிறது. அதை அவர் குறையாகச் சொல்லிக்கொண்டு திரியவில்லை, ஒவ்வொன்றாகத் தீர்த்தார்.

நியூயார்க்கில் அவர் பாடம் நடத்திய இடமும் இதில் சேரும். ஹார்லெமில் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் பள்ளி என்று உழைக்கும் மக்களுக்கான மாலைநேரப் பள்ளி. வீட்டுவேலை, சலவைவேலை செய்துவிட்டுக் களைத்து வரும் பெண்கள். கேட்லெட் அங்கே சிற்பமும் கற்பித்தார், துணி தைக்கவும் கற்பித்தார். எம்.எஃப்.ஏ. வாங்கியவர் தையல் சொல்லிக்கொடுக்கலாமா என்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. 'உனக்கு நன்றாகத் தெரிந்தது' என்று வுட் சொன்னது உண்மையில் யார் என்று அங்கேதான் அவருக்கு முழுசாகப் புரிந்தது போல.

அந்தப் பெண்களை மனதில் வைத்து ரோசன்வால்ட் நிதியுதவிக்கு விண்ணப்பித்தார். கிடைத்தது. 1946ல் அது புதுப்பிக்கப்பட்டதும் மெக்சிகோ போனார். அங்கே 'மக்கள் வரைகலைப் பட்டறை' என்று ஒன்று. லியோபோல்டோ மெண்டெஸும் தோழர்களும் 1937ல் தொடங்கியது. தொழிற்சங்கத்துக்குச் சுவரொட்டி வேண்டும், எழுத்தறிவு இயக்கத்துக்குத் துண்டறிக்கை வேண்டும் என்று வருவார்கள். பட்டறையில் கூடிப் பேசி, ஒருவர் செய்ததை எல்லோரும் விமர்சித்து, திருத்தி, அச்சடித்துக் கொடுப்பார்கள். பெரும்பாலும் லினோகட். ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து சாக்குத் துணிமேல் படியவைத்துச் செய்யும் தரைவிரிப்புதான் லினோலியம். மரத்தைப் போல நார் எதிர்க்காது, உளி வழுக்கிக்கொண்டு போகும், விலை மலிவு. வேண்டாத இடத்தை வெட்டி எடுத்துவிட்டு மை தடவி ஒற்றினால் படம். நூறு பிரதி எடுக்கலாம், ஏழைகூட வாங்கலாம். இதில்தான் கேட்லெட் 1946–47ல் கறுப்பினப் பெண்களைப் பற்றிய 15 படங்களின் வரிசையைச் செய்தார். 1952ல் அகன்ற ஓலைத்தொப்பியும், கழுத்தடியில் ஊக்கு குத்திய மேலாடையுமாக ஒரு பெண்ணின் முகம்: 'குத்தகை உழவர்'. இதைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிற கோணத்தில் செதுக்கியிருக்கிறார். நாம் அந்தப் பெண்ணைப் பார்க்கிறோம், அவர் நம்மைப் பார்க்கவில்லை, எங்கோ தூரத்தைப் பார்க்கிறார்.

ஒருவர் 'எம்.எஃப்.ஏ.வுக்குப் பதிலாக இந்தப் பட்டறைக்கே நேரடியாகப் போயிருக்கலாமே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பட்டறையில் அவர் கற்றது அயோவாவில் கிடைக்காது: கூட்டாக வேலை செய்வது, யாருக்காகச் செய்கிறோம் என்று முன்கூட்டியே தெரிந்து செய்வது. ஆனால் கல்லில் இரண்டு உருவங்களை இறுக்கத் தெரிந்த கைதான் அந்த முகத்தையும் அப்படி இறுக்கமாக வெட்டியது. 1958ல் மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தின் கலைப் பள்ளியில் சிற்பப் பேராசிரியர் ஆன முதல் பெண் அவர்தான். பிறகு அந்தத் துறைக்கே தலைவரானார். 1975ல் ஓய்வு பெறும்வரை கற்பித்தார்.

விலையும் கொடுத்தார். பட்டறையின் இடதுசாரித் தொடர்புகளால் அமெரிக்கத் தூதரகத்தின் கண்காணிப்பில் இருந்தார். 1962ல் மெக்சிகோ குடியுரிமை எடுத்ததும் பிறந்த நாடு அவரை 'விரும்பத்தகாத அந்நியர்' என்று அறிவித்து நுழையவிடவில்லை. 1970ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நடந்த கறுப்பினக் கலைஞர்கள் மாநாட்டில் தொலைபேசி வழியாகத்தான் பேச முடிந்தது. 1971ல் ஹார்லெமின் ஸ்டூடியோ அருங்காட்சியகத்தில் அவருடைய கண்காட்சி நடந்தபோதுதான் விசா கிடைத்தது. அமெரிக்கக் குடியுரிமை 2002ல் திரும்பி வந்தது. 2012 ஏப்ரலில், 96 வயதில், மெக்சிகோவின் குயர்னவாகாவில் இறந்தார்.

அயோவா 2017ல் ஆற்றங்கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் தங்கும் ஒரு புதிய விடுதியைத் திறந்து, அதற்கு எலிசபெத் கேட்லெட் பெயரை வைத்தது. செய்தியில் படித்தபோது சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவர் உயிரோடு இருந்தபோது, 2006ல், அந்தப் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகம் அவருடைய 27 அச்சோவியங்களை விலை கொடுத்து வாங்கியிருந்தது. அந்தப் பணத்தைக் கேட்லெட் எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே அச்சுக்கலை படிக்க வரும் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவர்களுக்கு உதவித்தொகையாக அதை அயோவாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.